உடம்புக்குத் தள்ளுபடி தெரியாது

"அண்ணே, ஒரே மயக்கம், ஒரே செலவு, ஒரே லீவு. நாலு தடவை வெட்டுப்படுறதுக்கு ஒரு தடவை பல்லைக் கடிச்சிக்கிட்டா முடிஞ்சிடும்ல?"

கண்டிக்கு மேலே மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில், சித்தப்பாவின் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து சித்தி மகள் கேட்ட கேள்வி இது. குவைத்தில் ஏழு வருடம் வீட்டு வேலை பார்த்து, அந்தக் காசில் கண்டியில் பியூட்டி பார்லர் திறந்து, இன்று மூன்று பேருக்குச் சம்பளம் கொடுப்பவள். மூன்று வருடத்துக்கு முன் இந்தியாவில் ஒரு கிளினிக்கில் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துக்கொண்டாள். இப்போது இடுப்பில் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மேடு. தொப்புளுக்கு மேலே முன்பு இல்லாத ஒரு மடிப்பு. அதைச் சரிசெய்ய முடியுமா என்று விசாரித்ததற்கு ஓர் ஏஜென்ட் கைபேசியில் அனுப்பிய பட்டியலைக் காட்டினாள். வயிற்றுத் தோலை வெட்டி இழுத்துத் தைக்கும் டம்மி டக், இடுப்பில் மறுபடியும் லைபோசக்‌ஷன், மார்பகத் தூக்கல், மேற்கையில் தொங்கும் தோலை நீக்கல். நான்கும் வெளிநாட்டுக் கிளினிக்கில், ஒரே நாளில். தனித்தனியாகச் செய்வதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. சலுகை மாதக் கடைசி வரைக்கும்தான்.

கேட்டது தங்கச்சி என்றாலும் கேள்வி அவளுடையது மட்டுமல்ல. படித்தவர்கள், வெளிநாட்டு உறவுக்காரர்கள், ஏன், மருந்துக்கடையில் நிற்கும் தம்பிகூட இதே கணக்கைத்தான் ஒப்பிக்கிறார்கள். 'மம்மி மேக்ஓவர்' என்று இந்த மொத்தப் பொதிக்கு ஒரு செல்லப்பெயரும் உண்டு. இந்தக் கணக்கு தவறு என்பதே என் கட்சி. எந்த இடத்தில் தவறு என்பதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கூட்டத்திலிருந்து விலகி நின்றுகொள்கிறேன். "வெளியூரில் சம்பாதிச்ச காசை ஒடம்புல கொட்டுறா பாரு" என்று லயத்தில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பிள்ளை பெற்ற வயிறு, ஏழு வருடம் அந்நிய வீட்டுத் தரையைத் துடைத்த முதுகு, அவளுடைய காசு. பிள்ளைப்பேற்றில் விலகிப்போன வயிற்றுத் தசையைச் சேர்த்துத் தைப்பதில் முதுகுவலி குறைந்த பெண்களும் உண்டு. கண்ணாடி முன் நின்று 'இது வேண்டாம்' என்று தீர்மானிக்கும் உரிமை துரைமார் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் எழுதிக்கொடுத்ததல்ல. என் சண்டை அவள் ஆசையோடு இல்லை. அந்த ஆசையை மொத்தமாகக் கட்டி விற்கிறவர்களின் கணக்கோடு.

அந்தக் கணக்கு மூன்று காலில் நிற்கிறது. ஒரே தடவை மயக்கம் கொடுப்பதால் ஆபத்து குறைவு. ஒரே தடவையில் தேறிவிடலாம். இரண்டாவது தடவை என்பது சும்மா ஒரு 'டச்-அப்'. ஒவ்வொரு காலாகத் தட்டிப் பார்ப்போம்.

ஒரே மயக்கம் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் அது நன்றாக விலைபோகிறது. மயக்கம் கொடுக்கும் தருணத்துக்கும் தெளியும் தருணத்துக்கும் அவற்றுக்கே உரிய ஆபத்துகள் உண்டு. அவை நான்கிலிருந்து ஒன்றாகக் குறைவது நல்லதுதான். ஆனால் மயக்கம் என்பது போட்டு அணைக்கும் ஒரு சுவிட்ச் அல்ல. எத்தனை மணி நேரம் என்பதுதான் கேள்வி. மேசையில் நேரம் கூடக் கூட உடம்பு குளிர்கிறது, ரத்தம் போகிறது, காலின் நாளங்களில் ரத்தம் தேங்கி உறைகிறது. டம்மி டக்கில் வயிற்றை இறுக்கித் தைப்பதால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. காலிலிருந்து மேலே வரவேண்டிய ரத்தம் இன்னும் மெதுவாகிறது. காலில் உறைந்த கட்டி கழன்று நுரையீரலை அடைத்தால் அதன் பிறகு பேச அவகாசம் குறைவு.

லைபோசக்‌ஷனுக்கு முன் கொழுப்புக்குள் லிட்டர் கணக்கில் மருந்துத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். அதில் கலந்த லிடோகெயின் என்ற மரப்பு மருந்து ரத்தத்தில் உச்ச அளவைத் தொடுவது, கொழுப்பை உறிஞ்சும் குழாயை வெளியே எடுத்துப் பல மணி நேரம் கழித்து. பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் நோயாளி பெரும்பாலும் வைத்தியசாலையில் இருப்பதில்லை, ஏதோ ஒரு விடுதி அறையில் இருக்கிறாள்.

சரி, இதெல்லாம் பயமுறுத்தல் என்பார்கள். எண்களைக் கேட்போம். அமெரிக்காவில் அழகுச் சத்திரசிகிச்சையில் வரும் சிக்கல்களுக்கென்றே ஒரு காப்புறுதி இருக்கிறது. தகுதிச் சான்று பெற்ற பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்கள் சேரும் காப்புறுதி அது. ஆகவே அதன் பதிவுகள் மோசமான கிளினிக்குகளின் கதையல்ல, நல்ல கைகளின் கதை. அந்தப் பதிவுகளிலிருந்து 25,478 டம்மி டக்குகளை ஆராய்ந்து 2015ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மறுபடி மேசையேற வேண்டியது, வைத்தியசாலையில் சேரவேண்டியது போன்ற பெரிய சிக்கல்களை மட்டுமே அது எண்ணியது. டம்மி டக் மட்டும் செய்துகொண்டவர்களில் 3.1 சதவீதம். அதோடு லைபோசக்‌ஷனும் சேர்ந்தால் 3.8. மார்பகச் சிகிச்சையும் லைபோசக்‌ஷனும் சேர்ந்தால் 4.6. இன்னொரு உடல் வடிவமைப்புச் சிகிச்சை சேர்ந்தால் 6.8. அதோடு லைபோசக்‌ஷனும் சேர்ந்தால் 10.4.

அதே காப்புறுதியின் பதிவுகளில் 31,010 லைபோசக்‌ஷன்களை எடுத்து 2017ல் வந்த இன்னொரு ஆய்வு, லைபோசக்‌ஷன் மட்டும் செய்தவர்களில் பெரிய சிக்கல் 0.7 சதவீதம் என்றது. இப்போது கூட்டிப் பாருங்கள். 3.1, 0.7. மொத்தம் 3.8. இரண்டையும் ஒன்றாகச் செய்தவர்களின் எண்ணும் அதே 3.8. கிளினிக் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம், உடம்பு ஒரு சதம் குறைக்கவில்லை. பட்டியல் நீண்டுகொண்டே போகும்போது பத்துப் பேரில் ஒருவர் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறோம். தங்கச்சியின் கைபேசியில் இருந்தது அந்த நீண்ட பட்டியல்தான்.

"அப்படியானால் தனித்தனியாகச் செய்தாலும் ஆபத்து அதே மொத்தம்தானே, பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?" என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. இந்தச் சண்டையின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது. தனித்தனியாகச் செய்யும்போது நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் ரத்தம் ஊறுகிறது, காயம் ஆறுகிறது. முதல் சிகிச்சையில் தன் உடம்பு எப்படி நடந்துகொண்டது என்று டொக்டருக்கும் தெரிகிறது, அவளுக்கும் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'போதும்' என்று சொல்ல அவளுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கிறது. வயிறு சரியான பிறகு கையைப் பற்றிய கவலை தானாகவே கரைந்துபோன பெண்கள் உண்டு. முதல் சிகிச்சையில் காய்ச்சலும் சீழுமாகக் கிடந்து, இரண்டாவது வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டவர்களும் உண்டு. மயங்கிக் கிடப்பவள் மூன்றாவது வெட்டுக்கு 'வேண்டாம்' சொல்ல முடியாது. மொத்தப் பொதியில் விலை குறைகிறது என்கிறார்கள். குறைந்த விலைக்கு ஈடாக அவர்கள் வாங்கிக்கொள்வது அந்த இடைவெளியை.

அரசாங்கங்கள் இதை அறியாமல் இல்லை. மலிவு அழகுச் சிகிச்சைக்குப் பேர்போன புளோரிடா மாநிலத்தில், வைத்தியசாலைக்கு வெளியே டொக்டரின் சொந்த மையத்தில் டம்மி டக்கையும் லைபோசக்‌ஷனையும் ஒன்றாகச் செய்வதை 2004ல் மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அங்கே விதி இப்படிப் போகிறது: லைபோசக்‌ஷன் மட்டுமென்றால் 4,000 மில்லிலிட்டர் கொழுப்பு வரை எடுக்கலாம். டம்மி டக்கோடு சேர்த்தால் 1,000 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது. சேர்த்துச் செய்தால் நான்கில் ஒரு பங்கு! விற்பனைக்காரரின் கணக்கில் சேர்த்தால் அதிகம் கிடைக்கும், விதி எழுதியவர்களின் கணக்கில் சேர்த்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். எதை நம்புவது என்பது பெரிய புதிரல்ல.

செத்தவர்களின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவது எனக்குப் பிடித்த வாதமுறை அல்ல. ஆனால் "பணமும் பெரிய டொக்டரும் இருந்தால் ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கைக்குப் பதில் சொல்ல வேறு வழியில்லை. நைஜீரிய ஜனாதிபதியின் மனைவி ஸ்டெல்லா ஒபசாஞ்சோ 2005ல் ஸ்பெயினில் வயிற்றுக் கொழுப்புச் சிகிச்சைக்குப் பின் இறந்தார். ஒரு நாட்டின் முதல் பெண்மணிக்கு இல்லாத வசதியா? பாடகர் கான்யே வெஸ்ட்டின் தாய், பேராசிரியையாக இருந்த டோண்டா வெஸ்ட், 2007 நவம்பரில் லைபோசக்‌ஷனும் மார்பகச் சத்திரசிகிச்சையும் சேர்த்துச் செய்துகொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் உயிரில்லை. அவருக்கு இதய நாள நோய் இருந்தது பிரேத பரிசோதனையில் தெரிந்தது. அதன் பிறகே கலிபோர்னியாவில், அழகுச் சத்திரசிகிச்சைக்கு முன் உடல் பரிசோதனை கட்டாயம் என்று 2009ல் அவர் பெயரால் சட்டம் வந்தது. பரிசோதனை செய்யாமலே வெட்டலாம் என்ற நிலை அதுவரை இருந்தது என்பதைக் கவனியுங்கள். 2022 மே மாதம் பெங்களூரில் கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கச் சிகிச்சைக்குப் போய்த் திரும்பவில்லை. வயது 21.

இவை அபூர்வம் என்பார்கள். அபூர்வம்தான். 2000ல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பில், கிட்டத்தட்ட ஐந்து லட்சம் லைபோசக்‌ஷன்களில் 95 மரணங்கள். சுமாராக ஐயாயிரத்தில் ஒன்று. அதில் முதல் காரணம் நுரையீரலை அடைத்த ரத்தக்கட்டி. முறைகள் அதற்குப் பின் திருந்தியிருக்கின்றன. ஆனால் திருந்தியதே நேரத்தைக் குறைத்ததாலும், அளவைக் குறைத்ததாலும், ஆளைத் தேர்ந்தெடுத்ததாலும்தான். பொதி விற்பவர் இந்த மூன்றையும் அவிழ்த்துவிட்டு, அவற்றால் கிடைத்த நல்ல பெயரை மட்டும் தன் விளம்பரத்தில் ஒட்டிக்கொள்கிறார்.

இரண்டாவது கால், ஒரே தடவையில் தேறிவிடலாம் என்பது. இதைக் கேட்கும்போது எனக்கு மடுல்கெல்லை ரோடு நினைவுக்கு வருகிறது. டம்மி டக் செய்தவர் ஏழு முதல் பத்து நாள் விமானம் ஏற வேண்டாம் என்று பிரித்தானியாவின் அரச சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். சொல்கிறது. தங்கச்சிக்கு வந்த பட்டியலில் ஐந்தாம் நாள் திரும்பும் டிக்கெட். கட்டுநாயக்காவில் இறங்கி, கண்டி வரை வேனில் குனிந்த வயிற்றோடு சில மணி நேரம். பிறகு வத்தேகம, பன்வில தாண்டி, நக்கிள்ஸ் மலையைப் பார்த்துக்கொண்டே வளைவு வளைவாக மேலே. வந்து சேர்வது தண்ணீர்க் குழாய் வெளியே இருக்கும் லயத்துக்கு. மார்பும் கையும் வயிறும் ஒரே நேரத்தில் தைக்கப்பட்டவள் எழுந்து உட்கார எதை ஊன்றுவாள்? வயிற்றுக்கு மட்டும் தையல் என்றால் கையை ஊன்றலாம். கைக்கு மட்டும் என்றால் வயிற்றின் பலத்தில் எழலாம். எழுந்து நடக்காவிட்டால் ரத்தம் உறையும். நடப்பதற்கு முதலில் எழவேண்டும்.

நடு இரவில் மூச்சுத் திணறினால் கண்டிக்குத்தான் ஓட வேண்டும். பகலிலேயே பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் ரோடு அது. அங்கே போனால் பார்ப்பார்கள், காசு கேட்க மாட்டார்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனையிலும் நம் நாட்டின் இலவச வைத்தியம் அப்படிப்பட்டது. ஆனால் இன்னொரு நாட்டில் யாரோ எதைத் தைத்தார், எவ்வளவு எடுத்தார், என்ன மருந்து கொடுத்தார் என்ற துண்டுச் சீட்டுகூட இல்லாமல் அந்த டொக்டர் என்ன செய்வார்? லாபம் அங்கே, சிக்கல் இங்கே. தீக்காயம்பட்டுக் காத்திருக்கும் குழந்தையின் கட்டிலுக்கு அருகில்தான் அந்தச் சிக்கலும் வந்து படுக்கும்.

மூன்றாவது கால்தான் எல்லாவற்றிலும் பலவீனமானது. 'டச்-அப்'. சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில் மறுபடி பூசுவது போல. உடம்பு சுவர் அல்ல. ஒரு முறை குழாய் ஓடிய இடத்தில் கொழுப்பு மெத்தென்று இருப்பதில்லை. தழும்பு ஒட்டிக் கெட்டிப்பட்டிருக்கும். இரண்டாவது தடவை குழாய் நினைத்த வழியில் போகாது, தள்ளித்தான் செலுத்த வேண்டும். தள்ளும்போது வயிற்றுச் சுவரையே துளைத்துவிடும் அபாயம் கூடுகிறது. தோலுக்கு ரத்தம் கொண்டுவரும் சிறு நாளங்களில் சில முதல் தடவையிலேயே போயிருக்கும். அந்தத் தோலையே வெட்டி, உயர்த்தி, இழுத்துத் தைத்தால் விளிம்பு கறுத்து அழுகலாம். மறு சிகிச்சை முதல் சிகிச்சையின் மிச்சவேலை அல்ல, வேறொரு உடம்பில் செய்யும் புதிய வேலை.

போகட்டும், அந்தப் புதிய மடிப்பு எங்கிருந்து வந்தது என்று யாராவது அவளிடம் சொன்னார்களா? அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பருமனற்ற 32 பெண்களை வைத்து 2011ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்குத் தொடையிலும் கீழ் வயிற்றிலும் லைபோசக்‌ஷன், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒரு வருடத்தில் உடம்பின் மொத்தக் கொழுப்பு பழைய அளவுக்கே வந்துவிட்டது. தொடைக்குத் திரும்பாமல் வயிற்றுப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பிரேசிலில் 2012ல் வெளியான ஆய்வு இன்னும் உறுத்தலானது. லைபோசக்‌ஷனுக்குப் பின் உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு, குடலைச் சுற்றியுள்ள உட்கொழுப்பு ஆறு மாதத்தில் பத்து சதவீதம் கூடியது. பயிற்சி செய்தவர்களுக்குக் கூடவில்லை. 'சுகரும் பிரஷரும் குறையும்' என்று சொல்லி விற்பவர்களுக்கு 2004லேயே பதில் கிடைத்துவிட்டது. பருமனான 15 பெண்களிடமிருந்து ஆளுக்குச் சுமார் பத்துக் கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்த பிறகும் இன்சுலின், ரத்த அழுத்தம் எதுவும் மாறவில்லை.

ஆக, எடுத்த இடத்தில் குறைகிறது, எடுக்காத இடத்தில் சேர்கிறது. சேர்ந்த இடத்தைக் காட்டி அடுத்த சிகிச்சை விற்கப்படுகிறது. இதில் முடிவு என்று ஒன்று எங்கே இருக்கிறது? உடம்பில் இல்லாத குறையை ஓயாமல் காணும் மனநோய் ஒன்று உண்டு. அழகுச் சிகிச்சைக்கு வருபவர்களிடையே அது மற்றவர்களைவிட அதிகம் என்பதும், கத்தியால் அது தீராது என்பதும் மருத்துவ உலகம் அறிந்ததே. தங்கச்சிக்கு அந்த நோய் இல்லை. அவள் இடுப்பின் பள்ளத்தை நானே பார்த்தேன். ஆனால் அவளையும் அந்த நோயாளியையும் பிரித்தறிய ஒருவர் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் வாங்கி விலை அனுப்புகிறவர் எதைப் பிரித்தறிவார்?

எல்லாச் சேர்க்கையும் குற்றம் என்று நான் சொல்லவில்லை. வயிற்றை இழுத்துத் தைக்கும்போது பக்கத்து இடுப்பில் கொஞ்சம் கொழுப்பெடுத்து வடிவைச் சரிப்பது வழக்கமான நல்ல வேலைதான். புகைக்காத, ரத்தசோகை இல்லாத, உறைவு ஆபத்து கணிக்கப்பட்ட ஒருவருக்கு, நேர எல்லை வைத்து, இரவு தங்க வைத்தியசாலைக் கட்டிலோடு செய்தால் அதில் நியாயம் உண்டு. அங்கே சேர்க்கையைத் தீர்மானிப்பது அவள் உடம்பு. நான் மறுப்பது, மாதக் கடைசி தீர்மானிக்கும் சேர்க்கையை.

இவ்வளவையும் நான் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது சித்தப்பா வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டியவர். லைபோ, டக் என்பதெல்லாம் அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் அவர் சொன்னது இது: "நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வெட்டுவோம். வெட்டப்போற மலையில கொஞ்ச நாளைக்கு முன்னாடியே கொழுந்து எடுக்குறத நிப்பாட்டிருவாங்க. வேர்ல ஒரு துண்டு வெட்டி அயடின் ஊத்திப் பாப்பாங்க. கறுத்தா வேர்ல சத்து இருக்கு, வெட்டலாம். கறுக்கலைன்னா தொரையே வந்து சொன்னாலும் கத்தி வைக்கப்படாது. வெயில்ல வெட்டுனா செடி செத்துரும்." கொஞ்சம் நிறுத்தி, "வெட்டுறது பெரிய வேல இல்ல. வெட்டுனப்புறம் அது தளுக்கணும்ல" என்றார்.

தேயிலைச் செடிக்கு வேரைப் பார்க்கிறோம், மழையைப் பார்க்கிறோம், ஓய்வு கொடுக்கிறோம். அதைக் கணக்குப் பார்க்காமல் வெட்டிய தோட்டம் நட்டப்பட்டது என்பது கம்பனிக்குத் தெரியும். அதனால்தான் அந்த அக்கறை. பெண் உடம்பு நட்டப்பட்டால் அந்த நட்டம் கிளினிக்கின் பேரேட்டில் ஏறுவதில்லை.

தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. கைபேசியை எடுத்து அந்த ஏஜென்டுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினாள்: இடுப்பை மட்டும் இப்போது செய்துவிட்டு, மற்றதை ஆறு மாதம் கழித்து யோசிக்கலாமா? அதற்கு முன் ரத்தம், இதயம் எல்லாம் பரிசோதித்து அந்த அறிக்கையைத் தருவீர்களா?

நாங்கள் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "பிரிச்சுச் செஞ்சா ஆஃபர் கிடைக்காது அக்கா."

அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.